சுமாரான அனிமே அத்தியாயத்தைக் கும்மியில் கட்டுவது எப்படி

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் நல்ல அத்தியாயத்தைப் பாட்டாகக் கட்டினால் அது துதிப்பாட்டாகப் போய்விடும். படுமோசமான அத்தியாயத்துக்குப் பாட்டே தேவையில்லை, கதையைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். கஷ்டமெல்லாம் இரண்டுக்கும் நடுவில் கிடப்பதில்தான். லாரியில் அடிபட்டு வேறு உலகம் போய்ச் சேர்ந்தவன், ஐந்தாவது அத்தியாயத்தில் பச்சிலை பறிக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். அவ்வளவுதான் கதை. சோறு வெந்திருக்கிறது, உப்பும் போட்டிருக்கிறது, ஆனால் கை கழுவியதும் என்ன குழம்பு என்று மறந்துவிடுகிறது. அப்படிப்பட்ட அத்தியாயத்தை மூன்று நிமிடப் பாட்டாகக் கட்டிச் சிரிக்க வைக்கும் வழி இது.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏசக் கூடாது. நடந்ததை நடந்தபடி, நொடிக்கணக்கோடு, கோயில் கொடை விழாவில் சாமி கதை பாடுகிறவர் முகத்தை எப்படி வைத்திருப்பாரோ அப்படி வைத்துக்கொண்டு பாடவேண்டும். சுடலைமாடன் பிறப்பைப் பாடுகிற பயபக்தியோடு ஒருவன் புல் பிடுங்கியதைப் பாடினால், அந்தப் பொருத்தமின்மையே சிரிப்பைக் கொண்டுவந்துவிடும். ‘மொக்கை’ என்ற சொல்லைப் பாட்டுக்குள் விட்டால் சோலி முடிந்தது.

இதைப் பாருங்கள்:

மொக்கைக் கதையடி மோசக் கதையடி
மூளையே இல்லாத மூடமடி

சீர் சரி, மோனை சரி, தாளம் எங்கேயும் தட்டவில்லை. ஆனாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். இதை எந்தத் தொடருக்கு வேண்டுமானாலும் பாடலாம், பக்கத்து வீட்டு சீரியலுக்கும் பாடலாம். இந்த அத்தியாயத்தில் மட்டும் இருக்கிற ஒரு பொருள்கூட இதில் இல்லை.

பார்க்கிற விதம்

ஒரு அத்தியாயம் ஏறக்குறைய 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். முன்கதையும் அடுத்த வார முன்னோட்டமும் போக, கதை என்று இருபது நிமிடம் தேறும். இதை இரண்டு தடவை பார்க்கவேண்டும். முதல் தடவை சும்மா பாருங்கள், பேனாவைத் தொடவே வேண்டாம். கண் எப்போது போனுக்கு ஓடியது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஓடிய இடம்தான் சரக்கு இருக்கிற இடம்.

இரண்டாவது தடவை நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், நடந்தது, எண்ணிக்கை. மூன்றாவது பத்தியை விட்டுவிட்டால் பாட்டு எழும்பாது. எல்லாத் தொடரிலும் வந்துபோகிற சரக்கைச் சேர்த்துக் கட்டிய ஒரு மாதிரி அத்தியாயத்துக்குக் குறிப்பு இப்படி இருக்கும்:

04:10 – கில்டில் (சாகசக்காரர் சங்கம்) சக்தி அளக்கிற கல்லைத் தொட்டான், உடைந்தது.
04:14 முதல் 04:21 வரை – எல்லாரும் வாய் பிளந்தபடி. படம் அசையவில்லை. 7 நொடி.
06:30 முதல் 16:30 வரை – பச்சிலை தேடி நடை. 10 நிமிடம்.
07:05, 09:40, 12:20 – அதே 5 மரம். இடது ஓரத்து மரத்தில் பொந்து.
17:50 – இருட்டறையில் அசுரராசா. சிரிப்பு 3 தரம். எழுந்திருக்கவில்லை.
19:00 – வெந்நீர்க் குளம். (போன வார முன்னோட்டத்தில் சண்டை என்று காட்டினார்கள்.)

இருபது, இருபத்தைந்து குறிப்பு தேறும். அதில் ஏழெட்டுக்கு மேல் பாட்டுக்குள் போகாது. எதை வைத்துக்கொள்வது என்று முழிக்கவேண்டாம். எண் உள்ளதை எடுங்கள், எண் இல்லாததைத் தள்ளுங்கள்.

எண்ணத் தெரிய வேண்டுமென்றால் படம் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். அரைமணி நேர வாராந்தரத் தொடர்கள் 1963-இல் தொடங்கிய நாளிலிருந்தே ஓவியத்தை மிச்சம் பிடிக்கிற வேலையும் கூடவே வளர்ந்துவிட்டது. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், ஆனால் ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். ஆக விநாடிக்கு எட்டு ஓவியம் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். பேசுகிற காட்சியில் முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் மாறும். அதுவும் மூடிய வாய், அரைவாய், திறந்த வாய் என்று பெரும்பாலும் மூன்றே வாய். அந்த மூன்று வாயையும் வரையாமல் தப்பிக்கப் பின்னந்தலையைக் காட்டுவார்கள், தூரத்திலிருந்து காட்டுவார்கள், பேசுகிறவரை விட்டுவிட்டு மரத்தையும் மேகத்தையும் கேமரா பைய நகர்ந்து காட்டும். சுமாரான அத்தியாயத்தில் இந்தத் தந்திரங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் எத்தனை தரம் என்று கோடு போட்டு எண்ணுங்கள். யார் முகத்தை முடி மறைத்தது, எத்தனை தரம் மறைத்தது என்பதுகூட பாட்டில் ஒரு கண்ணிக்கு, அதாவது இரண்டடிக்கு, ஆகும்.

ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று அத்தியாயம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நாலு பருவம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உழைப்பைக் கொட்டிவிடுவார்கள், நடுவில் வருகிற நாலு முதல் எட்டு வரை நூல் தொய்யும். பாட்டுக் கட்ட அதுதான் விளைந்த வயல். ஜூலைத் தொடரும் குற்றால சீசனும் ஒன்றாக வருவதால் அந்த நேரத்தில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், எல்லாரும் ஐந்தருவியில் நிற்பார்கள்.

மெட்டு

நெல்லைப் பக்கம் வடிவத்துக்குப் பஞ்சம் இல்லை. சென்னிகுளத்துக் காவடிச்சிந்து இருக்கிறது, பள்ளு இருக்கிறது, குறவஞ்சி இருக்கிறது, கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டு இருக்கிறது. முதல் தடவை கட்டுகிறவர்கள் காவடிச்சிந்தைத் தொடவேண்டாம். உள்ளுக்குள்ளே அடுக்கடுக்காக இயைபு வேண்டும், ஒரு கண்ணி கட்டவே ஒரு நாள் போய்விடும். ஹீரோ தன் விதியை நினைத்துப் புலம்புகிற இடம் நீளமாக இருந்தால் அதற்கு மட்டும் நொண்டிச்சிந்து பொருந்தும், நடுவில் வருகிற தனிச்சொல்லில் பாட்டே நொண்டி நின்று போகும். மற்றபடி ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்குகிற எலும்பு கும்மிக்குத்தான் உண்டு. முளைப்பாரியைச் சுற்றி ஒரு தடவையாவது கைதட்டியவர்களுக்குத் தாளம் உடம்பிலேயே இருக்கும்.

கணக்கு இது: ஒரு அடிக்கு ஏழு சீர். எழுதும்போது நாலும் மூன்றுமாக மடக்கி இரண்டு வரியாகப் போடுவார்கள். இரண்டு அடி சேர்ந்தால் ஒரு கண்ணி. முதல் சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை. இரண்டு அடிக்கும் இரண்டாம் எழுத்தில் எதுகை. நடை மும்மை, அதாவது தகிட தகிட.

லாரி யடிச்சவன் சொர்க்கமும் போகாமல்
லட்சண மாய்வந்து நிற்கிறானே
ஏரிக் கரையிலே இல்லாத பெட்டியை
ஏறிட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தான்

ல-வுக்கு ல மோனை, ஏ-வுக்கு ஏ மோனை. லாரி, ஏரி எதுகை. ‘இல்லாத பெட்டி’ என்றது ஹீரோவின் பலத்தை எண்ணாகக் காட்டியபடி அந்தரத்தில் மிதக்கிற ஸ்டேட்டஸ் ஜன்னலை. ஹீரோ கண்ணுக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதைப் பாட்டில் விளக்கவேண்டாம். ஒருவன் வெறும் காற்றைப் பார்த்துக் கூட்டல் போடுகிறான் என்று சொன்னால் போதும், கோட்டிக்காரன் என்று கேட்கிறவரே முடிவு கட்டிக்கொள்வார்.

சீருக்கும் சீருக்கும் நடுவில் ஓட்டம் தடைபடாமல் இருக்க வெண்டளை பார்த்துக்கொள்ளுங்கள். சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்கவேண்டும். ‘லாரி மோதினவன்’ என்று எழுதிப் பாடிப் பாருங்கள். லாரி தேமா, அதை அடுத்து ‘மோ’ என்று நேர் வந்து முட்டுகிறது, நாக்கு இடறுகிறது. ‘லாரி யடிச்சவன்’ என்றால் ‘யடிச்’ என்ற நிரை வழுக்கிக்கொண்டு போய்விடும். இலக்கணம் படிக்கவில்லை என்றாலும் குற்றமில்லை, கையைத் தட்டிக்கொண்டே பாடுங்கள். எந்த இடத்தில் ஒரு குறிலை இழுத்து நெடிலாக்கவேண்டி வருகிறதோ அங்கே தளை உடைந்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஏழு சீர் முடிந்ததும் எட்டாவது தட்டு வெறும் தட்டு, சொல் இருக்காது. சிரிப்பு விழுகிற இடம் அந்த வெற்றுத் தட்டுதான். ஆகவே நகைக்கிற சொல் ஏழாம் சீரில் வந்து உட்காரவேண்டும். மூன்றாம் சீரில் சிரிப்பை வைத்துவிட்டு மிச்சம் நாலு சீரை இட்டு நிரப்பினால் கேட்கிறவர் சிரிக்கத் தொடங்கும்போதே அடுத்த சொல் வந்து வாயை அடைத்துவிடும்.

சரி, குறிப்பைப் பாட்டாக்கலாம். 04:10-க்கும் 04:14-க்கும் ஒரே கண்ணி போதும்.

கல்லைத் தொடச்சொன்னா கைவைச்சுப் பார்த்ததும்
கண்ணாடி போலே உடைஞ்சதடி
எல்லாரும் வாயைத் திறந்தபடி நின்ன
இடத்துல ஏழு நொடியிருந்தார்

இரண்டாவது அடியில் கேலிச் சொல் ஒன்றுகூட இல்லை. நோட்டில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் அப்படியே இருக்கிறது. ‘ஏழு நொடி’க்குப் பதில் ‘ரொம்ப நேரம்’ என்று போட்டுப் பாருங்கள், உப்பு இல்லாமல் போய்விடும். யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறான் என்பதுதான் கேட்கிறவரைச் சிரிக்க வைக்கிறது. அடுத்து அந்தப் பத்து நிமிட நடை:

பச்சிலை தேடிப் பறிக்கிற வேலைக்குப்
பத்து நிமிசம் நடந்தகதை
அச்சடிச் சாப்பல அஞ்சு மரம்மட்டும்
அப்பப்போ வந்து வணங்குதடி

ஒரே பின்னணி ஓவியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள் என்று விளக்கினால் அது விமரிசனம். மரம் வந்து வணங்கிவிட்டுப் போகிறது என்றால் பாட்டு. படத்தில் மனிதர்கள் அசையாமல் நிற்க, அசையாத மரம்தான் ஓடுகிறது என்கிற நிஜம் அதற்குள் இருக்கிறது.

அசுரராசாவுக்கும் ஒரு கண்ணி:

முப்படை ராசா இருட்டுல உக்காந்து
மூணு தடவை சிரிச்சுவச்சான்
எப்பவும் ஆசனம் விட்டெழும் பாதது
ஏனடி மூட்டுக்கு வாதமோடி

இந்த மாதிரி வில்லன் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடம் வந்து நாற்காலியில் இருந்தபடியே சிரித்துவிட்டுப் போவது ஏன் என்பதும் தெரிந்ததுதான். எழுந்து நடந்தால் வரையவேண்டும். பாட்டில் காரணத்தை மூட்டுவாதத்தின் மேல் போட்டுவிடுங்கள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு கண்ணி. கைதட்டிப் பாடினால் ஒரு கண்ணிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நொடி, மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடியும். முன்கதைக்கு ஒன்று, முன்பாதிக்கு மூன்று நாலு, பின்பாதிக்கு ஐந்தாறு, கடைசிக்கு ஒன்று. பதினைந்தைத் தாண்டினால் அத்தியாயத்தைப் பார்த்துவிடுவதே மேல் என்று கேட்கிறவருக்குத் தோன்றும்.

பெயரும் தலைப்பும்

ஜப்பானியப் பெயர்கள் தமிழ் அசைக்கு அழகாக உட்காரும். பெரும்பாலும் மெய்யும் உயிருமாக மாறிமாறி வருவதால் மெய் மயங்கித் தொல்லை பண்ணாது. சகுரா புளிமா, கென்டா தேமா. தொல்லை எல்லாம் மாயலோகப் பெயர்களில்தான், ஐரோப்பிய வாடை அடிக்கவேண்டும் என்று நாலைந்து அசைக்கு நீட்டி வைத்திருப்பார்கள். அவற்றை முதல் கண்ணியில் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம் ‘நீலமுடி’, ‘வாள்காரி’ என்று அடையாளத்தால் கூப்பிடுங்கள். நாலு பெயருக்கு மேல் பாட்டில் வந்தால் யார் யாரென்று தெரியாமல் கல்யாண வீட்டு மொய் நோட்டு வாசிப்பது மாதிரி ஆகிவிடும்.

ஸ்டேட்டஸ், ஸ்கில், ஸ்லைம் மாதிரி ஒற்றில் தொடங்கும் சொல்லை அடியின் முதலில் வைக்காதீர்கள். வாய் தானாகவே ‘இஸ்டேட்டஸ்’ என்று ஒரு இகரம் சேர்த்துக்கொள்ளும், அசைக்கணக்கு ஒன்று கூடிவிடும். ஒன்று அந்த இகரத்தைக் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள், இல்லையென்றால் பெட்டி, வித்தை, கொழகொழ என்று மாற்றிக்கொள்ளுங்கள். மோனைக்கு எழுத்துக் கிடைக்காமல் தவிக்கும்போது இனமோனை கைகொடுக்கும்: அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம், ச-வுக்குத் த, ந-வுக்கு ஞ, ம-வுக்கு வ. ஜ, ஷ வந்தால் ச-வோடு சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை, காது ஏற்றுக்கொள்ளும்.

தொடரின் தலைப்பைப் பாட்டுக்குள் கொண்டுவர முயற்சிக்கவே வேண்டாம். இவற்றில் பல இணையத்தில் தொடர்கதையாக எழுதப்பட்டுப் பிறகு புத்தகமாகி அதன்பிறகு அனிமே ஆனவை. ஜப்பானில் 2004-இல் தொடங்கிய இணையக் கதைத்தளம் ஒன்றே இந்த வகைக்குப் பெரிய நாற்றங்கால். அங்கே பட்டியலில் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். ஆகவே கதைச்சுருக்கத்தையே தலைப்பாக வைத்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. அந்தத் தலைப்பு ஏழு சீரில் அடங்காது, ஏழு அடியில் வேண்டுமானால் அடங்கும்.

ஊர்ப்பேச்சு எவ்வளவு

நெல்லைத் தமிழ் போட்டாலே சிரிப்பு வரும் என்று நினைத்து எல்லார் வாயிலும் ‘ஏல மக்கா’ என்று திணிப்பது பெரும்பாலோர் செய்கிற தப்பு. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கொடுங்கள். அசுரராசாவுக்குக் கொடுத்தால் நன்றாக எடுபடும். ‘உன்னை அழிப்பேன்’ என்பதைவிட ‘ஏல, சவட்டிருவேன்’ என்றால் ஆளுக்கு ஒரு ஊர் கிடைத்துவிடுகிறது. மற்றவர்கள் சப்டைட்டில் தமிழில் விறைப்பாகவே பேசட்டும். பாடுகிறவர் மொழி நடுவில், வீட்டுப் பேச்சாக இருக்கட்டும்.

அல்வாவையும் ஒரு பாட்டுக்கு ஒருமுறைக்கு மேல் கொண்டுவராதீர்கள். ‘அல்வா கொடுத்தான்’ தேய்ந்துபோன காசு. திருநெல்வேலி என்றால் அல்வா என்பது வெளியூர்க்காரர் கண்ணுக்கு. ஹீரோ மயோனைஸ் கிண்டிக் காட்ட ஊரே அழுது சாப்பிடுகிற காட்சி இந்த வகைத் தொடர்களில் அடிக்கடி வரும். அதற்கு நம்மிடம் சொதி இருக்கிறது. மூன்று தடவை தேங்காய்ப்பால் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு கல்யாணத்துக்கு மறுநாள் போடுகிற சொதியைச் சாப்பிட்டே அழாத ஊர், முட்டையும் எண்ணெயும் அடித்ததற்கு அழுகிறது என்று போனால் கணக்குச் சரியாக இருக்கும்.

எல்ஃபை, அதாவது மாயலோகத்து நீளக் காது இனத்துப் பெண்ணை, என்ன சொல்லிக் கூப்பிடுவது? முந்நூறு வயது, பார்க்கப் பதினாறு. நம் ஊர் மரியாதைப்படி ஆச்சிதான்.

காதுநீட் டாச்சிக்கு முந்நூறு ஆண்டாச்சு
காலேஜுப் பெண்போல் குதிக்குறாளே

பாம்படம் போட்ட ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு நீளக் காது ஒன்றும் புதிது இல்லை. ஒரே வித்தியாசம், நம் ஆச்சி காது கீழே தொங்கும், இந்த ஆச்சி காது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு எதுகை தேடி மீதி அடியை நீங்களே கட்டலாம்: மாது, தூது, ஏது என்று இரண்டாம் எழுத்தாகத் ‘து’ வருகிற சொல் நிறையவே கிடைக்கும்.

இரண்டு பேர் இருந்தால் வில்லு

தனியாகப் பாடக் கும்மி போதும். கூட ஒருவர் கிடைத்தால் வில்லுப்பாட்டு வடிவத்துக்குப் போகலாம். வில்லும் குடமும் உடுக்கையும் இல்லாமல் ஒரு எவர்சில்வர் குடத்தைத் தட்டிக்கொண்டும் செய்யலாம், வீட்டுக்குள் அது போதும். அந்த வடிவத்தின் வரிசையே இதற்கென்று செய்தது போல இருக்கும்: காப்பு, வருபொருள் உரைத்தல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி. நாட்டு வளத்தில் அந்த மாயலோகத்து ஊரைப் பாடுங்கள். வட்டமாக மதில், நடுவில் கோட்டை, ஓடு வேய்ந்த வீடு, எல்லாத் தொடரிலும் ஒரே ஊர். இடைக்கால ஐரோப்பா என்பார்கள், தட்டில் உருளைக்கிழங்கு இருக்கும். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்குப் போனதே 16-ஆம் நூற்றாண்டில்தான்.

பின்பாட்டுக்காரர் வெறுமனே ‘ஆமா’ போடுகிறவர் இல்லை. கேட்கிறவர் மனதில் எழும் கேள்வியை முந்திக்கொண்டு கேட்கிற ஆள். கில்டுக் காட்சியை வசனத்தில் ஓட்டினால் (அண்ணாவி என்றது பாட்டை நடத்துகிற தலைமைப் பாடகரை):

அண்ணாவி: கில்டு வாசல்ல ஒரு கல்லு.
பின்பாட்டு: ஆமா.
அண்ணாவி: அதுல கைய வச்சா இவனுக்கு எம்புட்டு சக்தின்னு சொல்லிரும்.
பின்பாட்டு: நம்ம ரேசன் கடை மிசினு மாதிரின்னு சொல்லுதிய.
அண்ணாவி: வச்சான். கல்லு ரெண்டாப் போச்சு.
பின்பாட்டு: நமக்கு ரேகைதான் விழமாட்டேங்கு. மிசினு உடையாது அண்ணாவி, சீனிதான் கிடைக்காது.

பின்பாட்டு ஒரு காட்சிக்கு மூன்று தடவைக்கு மேல் குறுக்கே வந்தால் பாட்டு நின்று பட்டிமன்றம் தொடங்கிவிடும். ஒப்பிடுகிற பொருள் கேட்கிறவர் அன்றாடம் தொடுகிற பொருளாக இருக்கவேண்டும். மாயக்கல்லை இன்னொரு அனிமேயின் மாயக்கல்லோடு ஒப்பிட்டால் அனிமே பார்க்கிறவருக்கு மட்டும்தான் புரியும்.

எங்கே சறுக்கும்

முதல் சறுக்கல், கதை முழுவதையும் சொல்லிவிட நினைப்பது. ஹீரோ போனான், வந்தான், பேசினான் என்று வரிசையாக வந்தால் பாட்டு பலசரக்குச் சீட்டு மாதிரி ஆகிவிடும். நடந்ததில் பாதியை விடுங்கள், தொடர் பார்க்காதவருக்குக் கதை புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது, அசை நிரப்பி. ‘அங்கே’, ‘அப்போ’, ‘தானே’, ‘பாரு’ என்று சீருக்குச் சீர் வந்தால் வரி மெலிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கண்ணிக்கு ஒன்று பொறுக்கலாம். ‘அடி’ என்ற முடிவும் அப்படித்தான். எல்லா அடியும் ‘தடி, தடி’ என்று முடிந்தால் நாலாவது கண்ணியில் காது மரத்துவிடும். ‘நிற்கிறானே’, ‘சிரிச்சுவச்சான்’, ‘நடந்தகதை’ என்று மாற்றி மாற்றி முடியுங்கள்.

மூன்றாவது, வரைந்தவரைத் திட்டுவது. வாரக் கெடுவுக்குள் ராவும் பகலும் வரைந்து தள்ளுகிறவர்கள் அவர்கள், மூன்று வாய் வரைந்ததே பெரிய காரியம். அசையாத படத்தைப் பாடலாம், அசைக்காதவரைப் பாடவேண்டாம். பாத்திரங்களின் உடம்பைப் பற்றிய கேலியும் வேண்டாம். வெந்நீர்க் குளக் காட்சி வந்தே தீரும், அங்கே கண்ணை நீராவியின் மேல் வையுங்கள். அந்த நீராவி எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று எப்படித்தான் தெரிந்துகொள்கிறது என்பது பாட வேண்டிய விஷயம்.

போன வாரம் சண்டை காட்டுவதாகச் சொல்லி இந்த வாரம் குளிக்கப் போய்விட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி ஏமாற்றத்துக்குக் கும்மி நீளம் அதிகம். கும்மி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, பாடாமல் பேச்சாக ஒரு குறள் வெண்பாவை வையுங்கள்.

அடுத்தவாரம் சண்டையென் றாசையைக் காட்டிக்
கொடுத்ததெல்லாம் வெந்நீர்க் குளம்

‘குளம்’ மலர் வாய்பாடு. குறிலில் தொடங்கி மெய்யில் அடங்குவதால் பொசுக்கென்று முடியும். ‘காசு’, ‘பிறப்பு’ வாய்பாட்டில் முடித்தால் வால் கொஞ்சம் இழுக்கும், இந்த இடத்துக்கு ஆகாது.

பாட்டுக் கட்டியாகிவிட்டால் அந்தத் தொடரைப் பார்த்தே இராத ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள். வீட்டில் மைனி (அண்ணி) இருந்தால் ரொம்பவும் பொருத்தம், அடுப்படி வேலையை விடாமல் கேட்பார், முகதாட்சண்யத்துக்குச் சிரிக்கமாட்டார். மூன்று இடத்தில் சிரித்தால் பாட்டு தேறியது. ‘அந்த மரம் எத்தனை தரம்ன?’ என்று திருப்பிக் கேட்டால் எண்ணிக்கை வேலை செய்திருக்கிறது. ‘அவன் யாரு?’ என்று இரண்டு தரம் கேட்டால் பெயரைக் குறையுங்கள். கேட்காமல் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கண்ணியை எடுத்துவிடுங்கள், எதுகை எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும் சரி.

கடைசிக் கண்ணி வாழி. கொடைப் பாட்டில் ஊரையும் சாமியையும் வாழ்த்துவார்கள். இங்கே அத்தியாயத்தில் அதிகம் உழைத்தது யாரோ அவர்களை வாழ்த்தவேண்டும். நோட்டைத் திரும்பப் புரட்டி, எண்ணிக்கையில் முதலிடம் எதற்கு என்று பாருங்கள். மாதிரி அத்தியாயத்தில் ஹீரோவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

அஞ்சு மரமும் அலுக்காமல் வாழி
அசைகின்ற வாய்மூணும் கூடவாழி
பஞ்சமே இல்லாத பச்சிலை வாழி
பறிச்சவன் மூட்டையும் வாழிவாழி